பூனைக்கு ஒரு புழை

“அது எங்க பூனை இல்லீங்க. சும்மா வந்து போவும்.”

டோல்கேட் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்து, எந்த வீட்டுப் படிக்கட்டில் படுத்திருக்கும் பூனையைக் காட்டிக் கேட்டாலும் இந்த விடை தயாராக இருக்கிறது. சொல்பவர் கையிலேயே மீன் தலை வைத்த தட்டு இருக்கும். பூனைக்கு ஒரு பெயரும் இருக்கும்; அந்தப் பெயருக்கு அது திரும்பியும் பார்க்கும். ஆனாலும் அது ‘எங்க பூனை’ அன்று. இந்த வாக்கியத்தின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. அதைத் தீர்க்க ஒரே வழி, அவரவர் வீட்டுக் கதவில் ஓர் ஓட்டை போடுவதுதான் என்பதே நான் சொல்ல வருவது. இலக்கியம் பேசும் இடத்தில் தச்சுவேலை பேசுகிறானே என்று நண்பர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். இலக்கியத்துக்கும் வருவேன்.

மேலைநாட்டு வீடுகளில் ‘கேட் ஃபிளாப்’ என்றொரு பொருள் உண்டு. கதவின் அடிப்பாகத்தில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான சதுரத் துளை. துளையின் மேல் விளிம்பில் கீல் வைத்துத் தொங்கும் சிறு தகடு. பூனை தலையால் முட்டினால் திறக்கும். வால் கடந்ததும் தானே மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். இதற்குத் தமிழில் பெயர் தேட நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. கோட்டை, கோயில் பெருங்கதவுகளில் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையும்படி விட்டிருக்கும் சிறு கதவைத் திட்டிவாசல் என்போம். பெருங்கதவைத் திறக்காமலே வேண்டியவரை உள்ளே விடும் ஏற்பாடு அது. அந்தப் பெயரைப் பூனைக்கும் தரலாம். ஆனால் எனக்குப் பிடித்த சொல் ‘புழை’. துளை, நுழைவழி, சிறுவாசல் என்றெல்லாம் பொருள் தரும் பழஞ்சொல். வீட்டின் பின்பக்கத்தை நம் பாட்டிமார் புழக்கடை என்கிறார்களே, அந்தப் புழைக்கடைக்குள் இருப்பதும் இதுவே. ஆகவே இனிப் பூனைப்புழை என்றே எழுதுகிறேன்.

பழைய தமிழ் வீட்டுக்கு இப்படி ஒன்று தேவைப்பட்டதில்லை. அந்த வீடே புழைகளால் ஆனது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி, வானம் பார்த்த முற்றம், கம்பி மட்டும் போட்ட சன்னல், பகலெல்லாம் திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு. பூனைக்காக யாரும் எழுந்துபோய்த் தாழ் நீக்கவில்லை. அது உத்தரத்தின் வழியே வந்தது, எலியைப் பிடித்தது, பால் சட்டியை உருட்டியது, திட்டு வாங்கிக்கொண்டு போயிற்று.

அதற்கும் முன்னால் சங்கப் பாடல்களில் பூனை பெரும்பாலும் வேலிக்கு அப்பால்தான் நிற்கிறது. குறுந்தொகை 139ஆம் பாட்டில், மாலை மயங்கும் வேளையில் வேலிப்புறத்தில் வெருகுகள் வந்ததறிந்து வீட்டுக் கோழி குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. புறநானூறு 326இல் வெருகுக்கு அஞ்சி அலறும் இளம்பேடை, பருத்தி வேலை செய்யும் பெண்ணின் சிறு விளக்கொளியில் சேவலைக் கண்ட பிறகே அமைதி கொள்கிறது. இரண்டிலும் வீடு கோழியினுடையது, இருள் பூனையினுடையது. இந்த வெருகைப் பூசை என்று வழங்குவதை விலக்க வேண்டாம் எனத் தொல்காப்பிய மரபியல் இடம் கொடுக்கிறது. பல நூற்றாண்டு கழித்துக் கம்பர் அவையடக்கம் பாடும்போது அந்தப் பூசை பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புறப்பட்டுவிடுகிறது. தம்மைப் பூனையாக்கிக்கொண்டு காவியம் தொடங்கிய அந்தப் புலவர், டோல்கேட்டுக்கு வடக்கே சிறிது தூரத்திலிருக்கும் திருவொற்றியூரில் இரவில் எழுதினார் என்றும், அவருக்கு வட்டப்பாறை அம்மன் பந்தம் பிடித்தாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றாசிரியர்கள் ஏற்கட்டும், ஏற்காதிருக்கட்டும். இரவில் விழித்திருப்பதும் பாலுக்கு ஆசைப்படுவதும் ஒருசேர அமைந்த உவமைதான்.

பாரதியார் ‘முரசு’ பாட்டில் காட்டும் வெள்ளைப் பூனையை எல்லோருக்கும் தெரியும். வீட்டில் வளர்வது. அதன் குட்டிகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். சாதி வேற்றுமையைச் சாடக் கவிஞர் இதைக் கொண்டுவந்தார். வகுப்பில் நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் இன்னொன்றும் அதில் மறைந்திருக்கிறது. அந்த வெள்ளைப் பூனை வளர்ந்த வீட்டின் கதவு சாத்தியிருக்கவில்லை. சாத்தியிருந்தால் அத்தனை நிறம் எங்கிருந்து வந்திருக்கும்!

இன்றைய டோல்கேட் வீடு அப்படி இல்லை. மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டு அறைகள். வெளியே இரும்புக் கம்பிக் கதவு, அதற்குள் மரக்கதவு. சன்னலில் கொசுவலை. வடசென்னையில் சன்னலைச் சாத்துவதற்குக் கொசு மட்டும் காரணமன்று. லாரிப் புழுதி, தொழிற்சாலை நாற்றம், நிலக்கரித் தூசு என்று வரிசை நீளும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தது. அந்த இரவுக்குப் பிறகு இந்தப் பக்கத்து மக்களிடம் போய், பழைய காலம்போல் சன்னலைத் திறந்து வையுங்கள் என்று பாடம் நடத்த எனக்கு வாய் வராது. வீடு மூடிக்கொண்டது; அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் மூடிய வீடு பூனைக்கு இரண்டே வழிகளை விட்டது. ஒன்று முழுக்க உள்ளே, இல்லையேல் முழுக்க வெளியே.

பூனையோ இரண்டிலும் சேராத பிராணி. மதில்மேல் பூனை என்று நாம் தடுமாற்றத்துக்கு அதை உவமையாக்கி வைத்திருக்கிறோம். மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பூனையை ஐந்து நிமிடம் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். அதற்குத் தடுமாற்றமே கிடையாது. மதில்தான் அதன் இடம். இராயபுரம், தண்டையார்ப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் வீடுகளில் இதற்கு வேறொரு நல்ல சொல்லாட்சி கேட்டிருக்கிறேன். பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமன்று, ஏனென்றால் அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று எனும் கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. வளர்ப்புப் பிராணி என்றும் சொல்லவில்லை, காட்டு விலங்கு என்றும் சொல்லவில்லை. சுற்றி வருவது! இவ்வளவு துல்லியமான வகைப்பாடு விலங்கியல் நூலில்கூடக் கிடைக்காது என்று தோன்றுகிறது.

இந்தச் ‘சுற்றி வருவது’தான் நம் தெருவில் ‘சும்மா வந்து போவும்’ என்று திரிந்துவிட்டது. முதலாவதில் ஓர் உறவு இருக்கிறது. இரண்டாவதில் கைகழுவல் மட்டுமே இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். சாம்பல் நிறப் பூனை ஒன்று, மூன்று தளத்திலும் சாப்பிட்டு வளர்ந்தது. முதல் தளத்தில் பால், இரண்டாம் தளத்தில் நெத்திலி, எங்கள் வீட்டில் தயிர்ச்சோறு. ஒருநாள் மின்சார மீட்டர் பெட்டிக்குக் கீழே நான்கு குட்டிகள் போட்டது. ஒரு வாரம் குழந்தைகள் கொண்டாடினார்கள். பிறகு நாற்றம், இரவுச் சத்தம், மாடிப்படியில் மலம். கூட்டம் கூடிற்று. ‘யாரோட பூனை?’ என்ற கேள்வி எழுந்தபோது மூன்று தளமும் ஒரே குரலில் அந்த வாக்கியத்தைச் சொன்னது. மறுநாள் குட்டிகள் இல்லை. கோணியில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டாயிற்று என்றார்கள். கோணி எதற்கென்றால், வழி தெரிந்தால் திரும்பி வந்துவிடுமாம். ‘அங்க மீனுக்கு என்னங்க பஞ்சம், நல்லா பொழைச்சுக்கும்’ என்று ஆறுதலும் சொன்னார்கள். காசிமேட்டில் பூனைகள் பிழைப்பது உண்மைதான். அவை அங்கேயே பிறந்து, நாயையும் வண்டியையும் தெரிந்துகொண்டு வளர்ந்தவை. கண் திறந்து பத்து நாள் ஆன, பால்குடி மறக்காத குட்டிக்கு மீன் குவியல் எதற்கு? தாய்ப்பூனை நான்கு இரவு மீட்டர் பெட்டியடியில் கத்தியது. அதைக் கேட்டுக்கொண்டு மூன்று தளத்திலும் எல்லோரும் படுத்திருந்தோம். அந்தப் பூனை சட்டப்படி யாருடையதும் அன்று. கைவிடப்படும் விலங்கு பசியாலும் தாகத்தாலும் துன்புற நேருமானால் அப்படிக் கைவிடுவது குற்றம் என்கிறது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். ஆனால் கைவிட்டவர் யார் என்று கேட்க, முதலில் கையில் வைத்திருந்தவர் யார் என்று தெரியவேண்டுமே.

கதவில் ஒரு புழை இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு வீடாவது அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. என் வாதம் அவ்வளவுதான். தட்டில் வைத்த சோற்றை மறுக்கலாம், இட்ட பெயரை மறக்கலாம். கதவை வெட்டியதை மறுக்க முடியாது.

இதே வடசென்னையில், ஒரு பூனை யாருடையது என்ற கேள்வி அரசாங்கக் கோப்பில் ஏறிய நிகழ்ச்சியும் உண்டு. 2020 பிப்ரவரியில், சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கன்டெய்னர் ஒன்றில் பூனை அகப்பட்டது. கொரோனா பயம் தொடங்கியிருந்த நேரம். அதை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பப் பேச்சு எழுந்தது. பீட்டா இந்தியா அமைப்பு எதிர்த்தது. நாளிதழ்கள் ‘சீனப் பூனை’ என்று பெயர் சூட்டின. சாப்பாடு தண்ணீர் இல்லாமல் அத்தனை நாள் கப்பலில் தாங்கியிருக்குமா, வழியில் எந்தத் துறைமுகத்தில் ஏறியதோ என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. எனக்கு வியப்பளித்தது வேறு. கப்பலும் கன்டெய்னரும் நாடுகளைக் கடந்து வரும் வாசலில் ஒரு பூனைக்கு ஊர் கேட்கிறார்கள். தெருவில் அதே இனத்துக்கு வீடு கேட்டால் ‘சும்மா வந்து போவும்’ என்கிறோம். சுங்கம் வாங்க நிறுத்திய கதவின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட டோல்கேட்டில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கையில் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

பூனைப்புழை மேல்நாட்டு நாகரிகம், நமக்கு எதற்கு என்போருக்கு ஒரு செய்தி. அங்கும் இது சொகுசாகத் தொடங்கவில்லை, எலித்தொல்லையில் தொடங்கியது. இங்கிலாந்தின் எக்ஸிடர் பேராலயத்தில் வானியல் கடிகாரத்துக்குக் கீழுள்ள கதவில் வட்டமாக ஓர் ஓட்டை இன்றும் இருக்கிறது. கடிகாரப் பொறிக்குத் தடவிய கொழுப்பைத் தின்ன எலிகள் வந்தன. அவற்றைப் பிடிக்கும் ஆயரின் பூனை போய்வர 1598இல் கதவை வெட்டினார்கள். அதற்கும் முன்னரே அப்பேராலயத்தின் கணக்கேடுகளில் பூனைக்கு வாரம் ஒரு பென்னி வீதம் செலவு எழுதியிருக்கிறது. கூலி பெற்ற பூனை! சாஸர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கேன்டர்பரி கதைகளில், மில்லர் சொல்லும் கதையில், வேலைக்காரன் பூனை நுழையும் ஓட்டை வழியாகத்தான் அறைக்குள் எட்டிப் பார்க்கிறான். நியூட்டன் பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டையும் குட்டிக்குச் சிறிய ஓட்டையும் போட்டார் என்ற கதையை மட்டும் நம்பவேண்டாம். அவருடைய அறையில் நாயோ பூனையோ இருந்ததில்லை என்று உதவியாளராக இருந்தவரே எழுதிவைத்திருக்கிறார். பேரறிஞரை அசடாகக் காட்டும் கதைக்கு எல்லா ஊரிலும் ஆயுள் அதிகம்.

சரி, டோல்கேட்டில் இது ஆகுமா? தச்சரிடம் கேட்டேன். அவர் கதவைத் தட்டிப் பார்த்தார்.

“சார், இது ஃபிளஷ் டோரு. வெட்டினா உள்ள இருக்கற கட்டை தெரியும். மழைத்தண்ணி எறங்கினா ஊதிக்கும். அத்த விடுங்க, ஓட்டை போட்டா பூனை மட்டுமா சார் வரும்?”

இரண்டாவது கேள்விதான் கேள்வி. பெருச்சாளி வரும். நம் பக்கத்துச் சாக்கடைப் பெருச்சாளி, பூனையைக் கண்டு ஒதுங்கும் இரகமன்று. பல பூனைகள்தாம் அதைக் கண்டு ஒதுங்குகின்றன. (ஆங்கிலத்தின் ‘பேண்டிகூட்’ தெலுங்கின் பந்திக்கொக்கு என்பதிலிருந்து போனது. பன்றி-எலி என்று பொருள். பெயர் வைத்தவர் நேரில் பார்த்திருக்கிறார்.) திருடன் கைவிட்டுத் தாழைத் திறப்பான் என்பது அடுத்த பயம். மூன்றாவது, எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப்படுவது, சாலை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. தெருவாசல் கதவில் புழை போடுவது பூனைக்குச் சுதந்திரம் கொடுப்பதாகாது. சக்கரத்துக்குக் கொடுப்பதாகும்.

ஆகவே புழை வாசல்கதவில் வேண்டாம். மஞ்சளும் குங்குமமும் வைத்த நிலைக்கதவை வெட்டினால் வீட்டுப் பெரியவர்கள் எப்படியும் சம்மதிக்கமாட்டார்கள்; அவர்களோடு அந்தச் சண்டை தேவையும் இல்லை. பெயர் சொல்வதுபோலப் புழைக்கடைக்கே போகட்டும். அடுக்கு வீட்டில் புழக்கடை என்பது துணி காயப்போடும் பின் பால்கனி, அல்லது மொட்டைமாடிக்குப் போகும் படிக்கதவு. பால்கனியானால் கம்பிக்கு மேல் வலை அடித்துவிடலாம். வெயில், காற்று, காக்கையைப் பார்த்துப் பல்லை நறநறப்பது, மலத்தொட்டி எல்லாம் பூனைக்கு அங்கே கிடைக்கும், சாலை கிடைக்காது. பெருச்சாளியும் மேல்தளப் பால்கனிக்கு அவ்வளவு எளிதில் வராது. தரைத்தள வீட்டுக்காரர்கள் உள்ளிருந்து தாழிடக்கூடிய தகடாகப் பார்த்து வைத்து, விளக்கு வைத்ததும் பூட்டிவிடுவதே உசிதம். பொழுது சாய்ந்தபின் பூனை உள்ளே இருந்தால் அணிலுக்கும் கூட்டுக் குஞ்சுகளுக்கும் நல்லது. குறுந்தொகைக் கோழியின் கவலை இன்றும் பொய்யாகிவிடவில்லை.

வேலை பெரிதில்லை. துளையின் அடிவிளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்கு, தரையிலிருந்து 15 செ.மீ. போல இருக்கவேண்டும். அகலமும் அந்த அளவுதான், கொஞ்சம் கூடினால் தவறில்லை. கைநீட்டினால் தாழ் எட்டாத இடமாகப் பார்க்கவேண்டும். வெட்டிய விளிம்பு நான்கிலும் மரச்சட்டம் ஒட்டி வண்ணம் பூசினால் தச்சர் சொன்ன ஊதல் வராது. கடற்காற்றில் சாதாரண இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. கீலும் திருகாணியும் துருப்பிடிக்காத எஃகில் வேண்டும். தகடும் கடைப்பொருளாக இருக்கவேண்டியதில்லை. குளிர்பதனக் கிடங்கு வாயிலில் தொங்குமே, கனத்த பிளாஸ்டிக் பட்டை, அதில் ஒரு துண்டு போதும். கீலும் மிச்சம். பூனையின் தோலுக்கடியில் வைத்த சில்லைப் படித்துத் தன் பூனைக்கு மட்டும் திறக்கும் மின்புழையும் வந்திருக்கிறது. அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் நான் அதை வாங்கச் சொல்லமாட்டேன். பேட்டரியில் ஓடுபவையும் உண்டு. ஆனால் பேட்டரி மாற்ற மறக்கும் வீடுகளும் உண்டு.

தச்சுவேலை இவ்வளவே. அதன் பிறகுதான் கடினமான பகுதி. புழை வைத்த வீடு அந்தப் பூனைக்குக் கருத்தடை செய்தாகவேண்டும். ஐந்தாறு மாதத்திலேயே பெட்டை சினைப்படும். சினைக்காலம் ஒன்பது வாரம். ஓர் ஆண்டுக்குள் ஒரு பூனை ஒரு கூட்டமாகிவிடும். வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் வரும் என்பதால் ஆண்டுதோறும் ஊசி போடவேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. கூடையில் துண்டு போட்டு மூடி ஆட்டோவில் கொண்டுபோகலாம். பாரதியின் பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளை வகுப்பில் கொண்டாடும் நானே இதைச் சொல்கிறேன். அந்தக் குட்டிகளுக்கு அன்று கொல்லையும் வைக்கோல்போரும் இருந்தன. இன்று இருப்பது மீட்டர் பெட்டி.

இதைச் செய்ய மனமில்லாதவர்கள் புழை வைக்கவேண்டாம். அவர்கள் மீன்தலை வைப்பதையும் நிறுத்திவிடவேண்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் கடுமையானவன் அல்லன். ஆனால் பெயர் வைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன்.

வாடகை வீட்டுக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். டோல்கேட்டில் பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள்தாம் என்று தோன்றும். வீட்டுக்காரரின் கதவை வெட்டினால் முன்பணத்தில் கைவைப்பார். தச்சர் இதற்கு ஒரு வழி சொன்னார். முழுக்கதவை விட்டுவிட்டு, பால்கனிக்கென்று மலிவான பிளாஸ்டிக் கதவு ஒன்றை வாங்கி அதில் புழை போட்டு மாட்டிக்கொள்வது. பழைய கதவைக் கீலோடு கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு, வீடு காலிசெய்யும்போது திரும்ப மாட்டிவிடுவது. புழைக்கதவு தட்டுமுட்டுச் சாமான்களோடு அடுத்த வீட்டுக்கு வண்டியேறும். பூனையும் ஏறவேண்டும்.